ஒரு நீதிபதி நாற்காலிக்குப் பத்து கோடி டாலர்

மில்வாக்கி, விஸ்கான்சின்
ஏப்ரல் 13, 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு ஆண் குழந்தை என்றதும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தாத்தா ஆகிவிட்டாய், இனியாவது அந்த ஓட்டை பைக்கை விற்றுத் தொலை.

"எலான் மஸ்க் உங்க ஊர்ல ஓட்டுக்குப் பணம் கொடுத்தாராமே?" என்று கேட்டிருந்தாய். விஷயம் கொஞ்சம் வில்லங்கமானது.

ஏப்ரல் 1 அன்று நடந்தது மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதி பதவிக்கான தேர்தல். ஆமாம், இங்கே நீதிபதிக்கும் ஓட்டுப் போடுகிறோம். பத்து வருடப் பதவி. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் யார் எந்தக் கட்சி ஆள் என்பது ஊருக்கே தெரியும். ஏழு நீதிபதிகளில் லிபரல் பக்கம் (ஜனநாயகக் கட்சி சாய்வு) நாலு, கன்சர்வேடிவ் பக்கம் (குடியரசுக் கட்சி சாய்வு) மூணு. ஓய்வு பெறுகிறவர் லிபரல். கருக்கலைப்பு வழக்கிலிருந்து தொகுதி எல்லை வரை எல்லாம் இந்த ஒரு நாற்காலியில் தொங்கியது. இதற்கு இரண்டு தரப்பும் சேர்ந்து கொட்டியது சுமார் பத்து கோடி டாலர். அமெரிக்காவில் இதுவரை எந்த நீதிபதி தேர்தலிலும் இவ்வளவு செலவானதில்லை.

மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் மட்டும் இரண்டு கோடிக்கு மேல். அவருடைய டெஸ்லா கம்பெனி ஜனவரியில்தான் கார் விற்பனை உரிமை கேட்டு இதே மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தது! ஓட்டுப் போட்டவர்களில் இருவருக்குத் தலா பத்து லட்சம் என்று முதலில் பதிவு போட்டார். சட்டச் சிக்கல் என்று கூச்சல் கிளம்பியதும் அதை அழித்துவிட்டு, பணம், "ஆக்டிவிஸ்ட் நீதிபதிகள்" வேண்டாம் என்று தான் நடத்திய கையெழுத்து மனுவுக்குச் "செய்தித் தொடர்பாளர்" ஆகிறவர்களுக்கு என்று மாற்றினார். கிரீன் பே நகரில் தலையில் மஞ்சள் சீஸ் தொப்பியோடு மேடையேறி, இரண்டு ராட்சத காசோலைகளை நீட்டினார். தடுக்கச் சொல்லி மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் போனார், எதுவும் நடக்கவில்லை.

ஆனால் பெரும்பணம் டிவிக்குத்தான் போனது. தேர்தலுக்கு முந்தைய 60 நாள், டிவி ஸ்டேஷன்கள் வேட்பாளருக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தில்தான் விளம்பர நேரம் விற்க வேண்டும் என்பது மத்திய சட்டம். மஸ்க்கின் குழு மாதிரி வேட்பாளரைச் சேராத வெளிக்குழுக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஸ்டேஷன் சொன்னதுதான் விலை. அவர்கள் விளம்பரத்தை மறுக்க ஸ்டேஷனுக்கு உரிமை உண்டு. கூடுதல் காசு கொடுக்கிற வாடிக்கையாளரை எவன் மறுப்பான்? மாலைச் செய்தியில் வேட்பாளர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார்கள், இடைவேளையில் அதே வேட்பாளர்களைக் குற்றவாளிகளின் கூட்டாளி என்று திட்டி வரிசையாக விளம்பரம். சட்ட அறிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் மஸ்க் ஆதரித்த கன்சர்வேடிவ் வேட்பாளர் பிராட் ஷிமெல் சுமார் பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார், லிபரல் பக்கத்து சூசன் கிராஃபோர்ட் ஜெயித்தார். "பணத்தால் எங்களை வாங்க முடியாது" என்று என் பக்கத்து வீட்டுக்காரர் மார்தட்டுகிறார். நானும் கிராஃபோர்டுக்குத்தான் போட்டேன், ஆனால் எனக்கு அந்தப் பெருமை வரவில்லை. ஜெயித்தவரும் சும்மா ஜெயிக்கவில்லை. தனிநபர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாக 20,000 டாலர்தான் தரலாம். கட்சிக்கு எவ்வளவும் தரலாம், கட்சி அதை அப்படியே வேட்பாளருக்குத் தள்ளலாம். குடியரசுக் கட்சி 2015-இல் திறந்துவிட்ட வழி இது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதில் லாரியே ஓட்டினார்கள்: கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸ் 20 லட்சம், இல்லினாய் கவர்னர் பிரிட்ஸ்கர் 15 லட்சம்.

நாளைக்கு இந்த நன்கொடையாளர்களின் வழக்கு வந்தால்? மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி முதலாளி 30 லட்சம் செலவழித்து ஒரு நீதிபதியை ஜெயிக்க வைத்தார். அந்த நீதிபதி அந்த முதலாளியின் கம்பெனி வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், தேர்தல் நன்கொடை மட்டுமே விலகுவதற்குக் காரணமாகாது என்று தனக்குத்தானே விதி எழுதிக்கொண்டது. அதை மாற்றுவோம் என்று இந்தத் தேர்தலில் யாரும் விளம்பரம் போட்டு நான் பார்க்கவில்லை. அடுத்த ஏப்ரலில் இன்னொரு நாற்காலிக்குத் தேர்தல் வருகிறது.

பேரனுக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி