மீனுக்கு முன் நீர்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. டொராண்டோவில் உன் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளும் பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களும் கடல்மீன்களும் வாழும் கண்ணாடித்தொட்டி, வைக்கப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரிலுள்ள கடல்மீன் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் முதல் வேலையாக நீரைச் சோதித்துப் பழகியவள் நான். அதனால் உன் பட்டியலில் மீன்களும் பவளங்களும் நிறைந்திருக்க, உப்பின் அளவைப் பார்க்கும் கருவியோ நீரைச் சோதிக்கும் மருந்துகளோ ஒன்றுகூட இல்லாததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஆகவே இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி நீரைப் பற்றியே இருக்கும். பொறுமையாகப் படி, தம்பி.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அப்படியானால் உன் தொட்டியை முதன்முறை நிரப்பவே 7 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். அதைக் குழாய்த் தண்ணீரில் கரைக்காதே. உங்கள் மாநகரக் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமின் என்னும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது எளிதில் போகாது. பழைய குழாய்களிலிருந்து செம்பு சிறிதளவு கசிந்தாலும் இறால், நத்தை, பவளம் ஆகிய முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கமாட்டா. கரி வடிகட்டியும் அயனிகளை நீக்கும் பகுதியும் சேர்ந்த ஆர்.ஓ. கருவியை வாங்கிய பிறகு மற்றதை வாங்கு. தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால் உப்புநீரை ஊற்றிவிடாதே. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. நீரைத்தான் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். அந்த மாதங்களில் நீ நினைப்பதைவிட வேகமாக நீர் குறையும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உப்பு கூடிப்போகும்.

உப்புநீர் தயாரானதும் அது கடல்நீர் ஆகிவிடுவதில்லை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டிக்குள் வைக்கும் பாறையின் நுண்துளைகளில் குடியேறியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டிலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பெரிய வடிகட்டிகள் ஏதுமின்றி, கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறைகளையும் மெல்லிய காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டி நடத்தும் முறையை எழுதிக் காட்டினார். இன்றைய பவளத்தொட்டிகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். நீ கடலிலிருந்து எடுத்த பாறையை வாங்க வேண்டியதில்லை. உலர்ந்த பாறையை வைத்து, சிறிதளவு அம்மோனியாவைச் சேர்த்து, அது நைட்ரைட்டாகி, நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கும் வரை காத்திரு. நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம். அந்த வாரங்களில் வெறும் பாறையும் பழுப்புப் பாசியுமாகத் தொட்டி அழகற்று இருக்கும். அப்போது ஒரு மீனையாவது விடலாமே என்று கை பரபரக்கும். விடாதே. அம்மோனியா செவுளை எரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துன்பத்தை ஓர் உயிருக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்கும் பொழுதுபோக்கு எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

பவளம் தன் எலும்புக்கூட்டை நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு கட்டுகிறது. லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியமும், 8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் காரத்தன்மையும் இருந்தால் போதும். எண் மிகச் சரியாக இருப்பதைவிட நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே முக்கியம். வெப்பமும் அப்படியே. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தாம் ஒளியைக் கொண்டு அதற்கு உணவில் பெரும்பகுதியைத் தருகின்றன. நீர் சூடானால் அந்தப் பாசிகள் வெளியேறிவிட, பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே அது நடந்தது. அத்தனை பெரிய கடலிலேயே ஓரிரு டிகிரி உயர்வு இவ்வளவு செய்யுமானால், 200 லிட்டரில் ஹீட்டர் ஒரே ஓர் இரவு அணையாமலே இருந்துவிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பார். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைப் போட்டு, அவற்றைத் தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, 25 அல்லது 26 டிகிரியில் நிறுத்து.

இனி உன் பட்டியல். கோமாளி மீன் நல்ல தேர்வு. பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்கு. நாங்கள் அவற்றை, கடலில் அவை அண்டி வாழும் பூப்போன்ற உயிரான கடல் சாமந்தி இல்லாமலேயே, மண்சட்டியிலும் ஓட்டிலும் முட்டையிட வைத்து, இருட்டியபின் பொரிக்கும் குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணுயிரைக் கொடுத்து வளர்த்தோம். ஆகவே அந்த மீனுக்காகச் சாமந்தியை வாங்காதே. அது நிலைபெற்ற தொட்டியைக் கேட்கும், இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து பம்பில் சிக்கும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிறால்களைத் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அது பட்டினியால் மெலிந்து சாகும். நீல டேங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், உன் தொட்டி அதற்குச் சிறை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பாறை இடுக்குகளில் சயனைடைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. விலை மலிவாக, எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்லத் தயங்கும் மீன் எதுவானாலும் விட்டுவிடு. பவளத்தையும் வேறொருவர் தொட்டியில் வளர்ந்த கிளையிலிருந்து வெட்டிய துண்டாகவே வாங்கு.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளை எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது, தம்பி. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டும் அதில் அடங்கும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தூத்துக்குடிப் பக்கம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள்; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அந்தக் கடலிலிருந்து இன்னும் ஒரு கையளவு எடுப்பதற்கு என் மகன் வர வேண்டாம்.

பட்டன் பவளங்கள் என்று விற்கப்படும் சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போடாதே, தேய்க்காதே. ஆவியை மூச்சில் இழுத்தே பலர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதே. நீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து தொட்டியின் எடை கால் டன்னைத் தாண்டும் என்பதால், அடுக்குமாடியில் அதைத் தாங்கும் சுவரோரமாக வை. மின்கம்பிகள் தொட்டியை அடையுமுன் கீழே வளைந்து தொங்கட்டும், நீர் கம்பி வழியே வழிந்து பிளக்குக்குள் போகாமல் இருக்கும்.

உப்பளவையும் வெப்பத்தையும் நாள்தோறும், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இரண்டு நாளுக்கொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி, ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. நைட்ரைட் பூச்சியமாகி ஒரு வாரம் அப்படியே நின்றபின், எந்த மீனை முதலில் வாங்குவது என்று இருவரும் பேசி முடிவு செய்வோம்.

அன்புடன்,
அம்மா