மூணு மணிக்கு ஜன்னலைத் தட்டிய அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

நேற்று சாயங்காலம் நாலு பூனைக்குட்டிகளும் தட்டில் வாய் வைத்துத் தாங்களாகவே தின்றுவிட்டன. மீசையெல்லாம் கூழ், காலெல்லாம் கூழ். பாட்டில்களைக் கடைசித் தடவையாகக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தாய்ப்பூனைக்கு என்ன ஆனது, குட்டிகள் எங்கள் விறகுப்புரைக்கு எப்படி வந்தன என்பதெல்லாம் குலசேகரம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் தெம்பிருக்கிறது.

முதலில் கால்நடை மருத்துவருக்கு. கண்கூடத் திறக்காத குட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனபோது, "இதெல்லாம் பிழைக்காதும்மா" என்று சொல்லி அனுப்பாமல், அரை மணி நேரம் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பசும்பால் ஆகாது, வயிற்றால் போகும், அந்த வயதில் அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரை வெதுவெதுப்பாகக் கரைக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்திப் புகட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கிற மாதிரியே குப்புறக் கிடந்து, தலை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும். 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிதான் வயிறு. குடித்து முடித்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் கீழே தடவிவிட்டால்தான் மூத்திரமும் மலமும் இறங்கும், தாய் நக்கிச் செய்கிற வேலை அது. இத்தனையையும் சொல்லிவிட்டுத்தான் கடைசியில் அதைச் சொன்னார்: "ரெண்டு ரெண்டரை மணிக்கூறுக்கு ஒருக்கா. ராத்திரியும்."

பகலை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சரி. அந்த மூணு மணிதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, வேலைக்கும் போய்வந்த உடம்பு அந்த நேரத்துக்கு மரக்கட்டையாகிவிடும். தலைமாட்டில் அலாரம் அடிப்பது காதிலேயே விழாது. வீட்டுக்காரர் இருப்பதோ கடலுக்கு அந்தப் பக்கம்.

இந்த இடத்தில்தான் அண்ணன் வருகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகும் அண்ணன் என்று மட்டும் எழுதுகிறேன். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் ரப்பர் மரம் நன்றாகப் பால் விடும் என்பது நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கும்போது ஊர் முழுக்க உறங்கிக்கொண்டிருக்கும். குட்டிகள் வந்த புதிதில் ஒரு ராத்திரி எங்கள் அடுக்களையில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "என்ன மக்ளே, வீட்டுல யாருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டார். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். லைட்டைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எத்தனை மணிக்கெல்லாம் பால் என்று கேட்டார். சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

மறுநாள் மூணு மணிக்கு ஜன்னல் கம்பியில் டக் டக்கென்று சத்தம். "மக்ளே, குட்டிகளுக்கு நேரமாச்சு." நான் எழுந்து லைட்டைப் போடும்வரை நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். அதற்கடுத்த நாளும் தட்டினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவரும் ஒரு நாளும் தட்டாமல் இருந்ததில்லை. அவர் தோட்டத்துக்குப் போகிற வழி எங்கள் தெருவே இல்லை என்றும், கால்வாய்க்கரையோடு போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றும் அவர் மனைவி சொல்லித்தான் வெகுநாள் கழித்து எனக்குத் தெரிந்தது. முதல் நாள் இந்தப் பக்கம் வந்ததே கரையில் ஒரு மரம் சாய்ந்து கிடந்ததால்தானாம்.

பெருமழை கொட்டிய ஒரு ராத்திரி. மரம் நனைந்தால் தண்ணீர் வழிந்து சிரட்டைப் பாலோடு கலந்துவிடும், வெட்டு நடக்காது. இன்றைக்கு அவர் வரமாட்டார் என்று உறங்காமலே உட்கார்ந்திருந்தேன். சரியாக மூணு மணிக்கு டக் டக். குடையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை சேறோடு நிற்கிறார்.

"மழையில வெட்டு இல்லையே அண்ணா?"

"வெட்டு இல்ல. குட்டி உண்டே."

இன்னொரு நாளையும் எழுதாமல் விட முடியாது. கரண்ட் போயிருந்தது. நாலில் சின்னவள் மட்டும் மற்றவற்றின் சூட்டிலிருந்து விலகி, பெட்டி மூலையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தாள். தொட்டால் சில்லென்றிருக்கிறது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, செரிக்காது, முதலில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தேன். சின்னவளை எடுக்கும்போது என் கை நடுங்கியது. அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். பைப்படியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் பட்டுப்பட்டு வெடித்துப்போன விரல்கள். அந்த விரல்களால் அவளை எடுத்துச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் இங்கே மற்ற மூன்றுக்கும் ஊட்டினேன். பேச்சே இல்லை. இடையில் ஒரு தடவை மட்டும், "மூச்சு வருது பாத்துக்க" என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து கீச்சென்று குரல் வந்தது. முதலில் ஒரு மில்லி. கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. அவள் நாக்கைச் சுருட்டிக் காம்பைக் கவ்வி இழுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்து போனார். அன்றைக்கு அவருக்கு எத்தனை மரம் விட்டுப்போயிருக்கும், எவ்வளவு பால் குறைந்திருக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் கெடக்கட்டும்" என்றார். அண்ணா, எனக்கு அது கிடக்கவில்லை. அந்தக் காலை வேளையை உங்களுக்கு நான் எப்படித் திருப்பித் தருவேன்?

மற்றவர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறை நினைக்காதீர்கள். மார்த்தாண்டம் வரை பைக்கில் போய்ப் பவுடர் டப்பாவோடு வந்த தம்பிமார், கேக் செய்கிற தன் கிராம் தராசையே தூக்கிக் கொடுத்த அக்கா (நாளுக்கு 10 கிராமாவது ஏறுகிறதா என்று பார்த்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தது அதை வைத்துத்தான்), நான் வேலைக்குப் போன பகல்களில் பதினோரு மணிப் பாலையும் ஒரு மணிப் பாலையும் ஏற்றுக்கொண்ட எதிர்வீட்டுக் கல்லூரிப் பிள்ளை, பூனை என்றாலே ஆகாத என் மாமியார் — நான் பார்க்காத நேரத்தில் பெட்டிக்குள் தன் பழைய நேரியல் துணியை விரித்தவர் அவர்தான் — எல்லோரும் என் நெஞ்சில் இருக்கிறீர்கள்.

அந்த ராத்திரிகளில் மடியில் குட்டியை வைத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். நாம் உறங்கும் நேரத்தில் நம் தெரு வழியாக எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்! பால் வெட்டுக்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், கடப்புறத்துக்கு மீன் எடுக்கப் போகும் வண்டிக்காரர்கள், நைட் டூட்டி முடிந்து வரும் நர்ஸ் பிள்ளைகள். இத்தனை வருடம் இதே வீட்டில் இருந்தும் அந்த மூணு மணி ஊரை நான் பார்த்ததே இல்லை. இப்போது அண்ணன் போன பிறகும் ரோட்டில் லைட் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலிடம் போய் நிற்கிறேன்.

ஒரு வாக்கும் தருகிறேன். பெட்டைப்பூனை நாலைந்து மாதத்திலேயே சினைபிடிக்கத் தொடங்கிவிடும். இந்த நாலுக்கும் டாக்டர் சொல்லும் வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவேன். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் பெட்டைகளுக்கும் செலவு என்னுடையது. பிடித்துக் கொண்டுபோக ஆள் மட்டும் வேண்டும், தம்பிமாரே.

பவுடர் டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு பாட்டில், புதுக் காம்புகள், ஊசி இல்லாத சிரிஞ்சுகள், வெந்நீர்ப் பை, எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தாயில்லாத குட்டி யார் வீட்டுக்கு வந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கக்கூட வேண்டாம். மூணு மணிப் பாலுக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.