கதவுக் கீலும் முழங்காலும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மூட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தோளும் இடுப்பும் பந்துக் கிண்ண மூட்டு, கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையே முளை மூட்டு, கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு என்பதெல்லாம் சரி. 'முழங்கால் கதவுக் கீலைப் போன்றது' என்ற வரிதான் என்னை எழுத வைத்தது.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 28 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் நான். கீல் மூட்டுக்கு முழங்காலை உதாரணமாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பின் வாசற்படியில் கால் பிசகி, பிசியோதெரபிக்குப் போன இடத்தில்தான் ஒரு சின்னப் பெண் எனக்குப் பாடம் எடுத்தாள்.

அவள் செய்யச் சொன்னதை வாசகர்களும் செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் வையுங்கள். சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு ஒரு முடிச்சுப்போல் துருத்திக்கொண்டிருக்கும். அதில் விரலை வைத்துக்கொண்டு, தொடையை அசைக்காமல், பாதத்தின் நுனியை உள்ளும் வெளியுமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் முடிச்சு நகரும். கதவை இப்படித் திருப்பினால் கீல் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

காலை நீட்டும்போது நடப்பது இன்னும் அழகு. தொடை எலும்பின் அடியில் உள்ள இரண்டு குமிழ்களும் ஒரே அளவில்லை. உட்புறக் குமிழின் பரப்பு நீளம். அதனால் நீட்டி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு லேசாக வெளிப்புறம் திரும்பி, திருகு இறுகியதுபோல் பூட்டிக்கொள்கிறது. நெடுநேரம் நின்றாலும் தொடைத் தசை அவ்வளவாகக் களைக்காததற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். மடக்கும்போது அதைத் திறந்துவிட முழங்காலுக்குப் பின்னால் தனியாக ஒரு சிறு தசை இருக்கிறது! இந்தத் திரும்பலுக்கும் ஓர் எல்லை உண்டு. கபடி ஆடும் பிள்ளைகளுக்குக் கால் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது, மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் நார் அறுந்துபோவது அதனால்தான்.

கீல் என்று சொல்வதில் இன்னொரு வம்பு, உடனே எண்ணெய் நினைவுக்கு வந்துவிடுகிறது. 'மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது' என்று அசையாமல் உட்கார்ந்துவிடும் என் வயதுப் பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர். மூட்டுக்குள் உள்ள திரவம் வழுவழுப்புக்கு மட்டுமல்ல. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும், பஞ்சைப்போல அந்தத் திரவத்தை உறிஞ்சித்தான் அது ஊட்டம் பெறுகிறது. தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. நடைக்கு அது ஈடாகாது.

கீலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் முழங்கை இருக்கிறது. பிறகு ஒன்று: கட்டுரையோடு வந்த படத்தில் முழங்கால் சில்லையே காணவில்லை. தொடைத் தசையின் இழுப்புக்கு நெம்புகோல் பலம் கொடுப்பது அந்தச் சில்லுதான். அது இல்லாமல் படத்தில் இருக்கும் மனிதர் மாடிப்படி ஏற மிகவும் சிரமப்படுவார்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்.