விலை வைப்பது கடைக்காரர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இணையத்தில் படங்களை விற்கும், வாடகைக்கு விடும் டிஜிட்டல் சினிமாக் கடைகளைப் பற்றி வந்த கட்டுரையில், ‘கடைக்காரர்கள் இஷ்டத்துக்கு விலையை ஏற்றுகிறார்கள், பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகலாம்’ என்று ஒரு வரி. இது தங்கள் பார்வைக்குத் தப்பி அச்சேறியதில் எனக்கு மிகவும் வருத்தம்.

வேறு கடைக்குப் போய் என்ன செய்வது? புதுப் படம் என்றால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே விலைதான். கடைக்காரர் கொடுக்க வேண்டிய கொள்முதல் விலை, விற்கத் தொடங்கும் தேதி, வாடகைக்கு விடும் தேதி எல்லாம் படத்தைத் தயாரிக்கும் ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 2006 செப்டம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை படம் விற்க ஆரம்பித்தபோது டிஸ்னி குழுமத்தின் படங்கள் மட்டுமே இருந்தன. ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது டிஸ்னியின் இயக்குநர் குழுவில் இருந்தார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. டிவிடியை அள்ளி விற்றுக்கொண்டிருந்த வால்மார்ட் என்ற அமெரிக்கப் பெருங்கடையைப் பகைத்துக்கொள்ள மற்ற ஸ்டுடியோக்கள் பயந்தன. 2017-இல் ஹெச்டியைவிடத் துல்லியமான 4கே படங்களுக்கு ஸ்டுடியோக்கள் கூடுதல் விலை கேட்டபோது, ஹெச்டி விலைக்கே தர வேண்டும் என்று ஆப்பிள் பிடிவாதமாக நின்றது. அன்று நம் பக்கம் நின்றது கடைக்காரர்தான்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. ‘1 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது’ என்று அச்சிட்டிருந்த ஒரு நாவலை அமெரிக்காவின் மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது. முதல் விற்பனையோடு விலைமேல் பதிப்பகத்தின் பிடி முடிந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே சொல்லிவிட்டது. அந்த நாட்டில் வீடியோ வாடகைக் கடைகள் பிழைத்தது அந்த நியாயத்தால்தான். அங்கே வாங்கிய டிவிடியை விற்கலாம், வாடகைக்கு விடலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். டிஜிட்டலாக வாங்கினால் கிடைப்பது பார்ப்பதற்கான வெறும் உரிமம். ஆனால் விலை மட்டும் டிவிடி விலையை ஒட்டியே இருக்கிறது!

என் அனுபவத்தையே சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்த காலத்தில், பேத்திக்காக ஒரு பெரிய டிஜிட்டல் கடையில் கார்ட்டூன் படங்களாக வாங்கிச் சேர்த்தேன். கோயம்புத்தூர் திரும்பியதும் கணக்கில் நாட்டை மாற்றினேன். பாதிப் படங்களின் போஸ்டர் சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால், ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறது. சேவை மையத்துப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், அது ஸ்டுடியோவோட லைசென்ஸ். எங்க கையில எதுவும் இல்லை.” பணம் எடுக்கும்போது அந்த ஸ்டுடியோவின் நிபந்தனையை ஏன் யாரும் காட்டவில்லை என்று கேட்டேன். மெயில் போடச் சொன்னார். போட்டேன், பதில் இல்லை.

எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. வாங்கிய படத்தைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று 2012-இல் ஆப்பிள் அறிவித்தபோது யுனிவர்சல், ஃபாக்ஸ் ஸ்டுடியோக்களின் படங்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எச்பிஓ என்ற கட்டணத் தொலைக்காட்சியுடன் அவர்கள் ஏற்கெனவே போட்டிருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றது. 2022-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய, ஸ்டூடியோகனால் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள் உரிமம் முடிந்ததாகச் சொல்லி நீக்கப்பட்டன. கலிஃபோர்னியாவில், தருவது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்கக் கூடாது என 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. இங்கே யார் கேட்கிறார்கள்?

அப்புறம், டிவிடி காலத்து ரீஜியன் கோடு. அங்கே வாங்கிய தட்டு இங்கத்திய பிளேயரில் ஓடாதபடி செய்ததும் இதே ஸ்டுடியோக்கள்தான். அதைப் பற்றி அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. சரி, இடநெருக்கடி இருந்திருக்கும்.

நான் மறுப்புக் கட்டுரை கேட்கவில்லை. ‘பார்க்க வேண்டிய படங்கள்’ பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அது டிஸ்க்காகக் கிடைக்கிறதா, எந்த ரீஜியன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்