‘நலமுடன் வீடு திரும்பினார்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, எண்பது வயது மூதாட்டி ஒருவர் மறுநாளே எழுந்து நடந்து, ஐந்தாம் நாள் ‘நலமுடன் வீடு திரும்பினார்’ என்று முடிந்திருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழில் இந்த வரியை எத்தனையோ பேரைப் பற்றிப் படித்திருக்கிறேன். இம்முறை அடுத்த பக்கம் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஐப்பசி மழையில் என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அவருக்கு 79 வயது. மூட்டின் பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்ததும் சரியான முறைதான். ஆறாம் நாள் இரவு எட்டு மணிக்கு, ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்களையும் மாத்திரைப் பையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குந்தி உட்காரும் கழிப்பறை கூடாது என்பதெல்லாம் அந்தத் தாளில் ஒரே வரியில் அடங்கியிருந்தது.

எங்களுடையது கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணைக்கு மூன்று படி, கூடத்து வாசலில் அரையடி உயர நிலைப்படி, கொல்லைக் கடைசியில் கழிப்பறை. பாயில் படுத்து, அரிவாள்மணையில் காய் நறுக்கி வாழ்ந்தவர் அம்மா. அன்றிரவு வாக்கரின் முன்கால்கள் நிலைப்படிக்கு அந்தப் பக்கமும் பின்கால்கள் இந்தப் பக்கமுமாக நிற்க, அவர் கைகள் நடுங்க அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த நிலைப்படி அது. “இதைத் தாண்ட வேணாம்டி, நான் திண்ணையிலேயே இருந்துடறேன்” என்றார்.

அடுத்த இரண்டு இரவுகள், இறந்துபோன தம் தம்பியை, என் மாமாவை, அம்மா விடிய விடியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதியவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் இப்படித் தற்காலிகமாக மனம் குழம்புவது உண்டு, கண்டவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று யாரேனும் முன்பே கூறியிருந்தால், புத்தி பேதலித்துவிட்டதோ என்று நானும் என் தம்பியும் அழுதிருக்க மாட்டோம். 2009இல் என் தந்தையாரைச் சிறுநீர்ப் பையும் குழாயுமாக வீட்டுக்கு அனுப்பியபோதும், அதை எப்போது காலி செய்வது என்று எவரும் சொல்லித் தரவில்லை. இத்தனை ஆண்டுகளில் இதில் ஒன்றும் மாறவில்லையே என்பதுதான் என் வருத்தம். வாக்கர், கமோடு நாற்காலி, இரவுத் துணைக்கு வந்த பெண்ணின் சம்பளம் எதுவும் எங்கள் காப்பீட்டில் சேரவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) தருகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அதன் விழாப் படங்களைத் தங்கள் முதல் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். எனக்கோ அந்தப் பயிற்சி பற்றி ஆறாவது வாரம் எதிர்வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. தங்கள் கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயிற்சி தர வந்த பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் நிலைப்படிக்கு இருபுறமும் சரிவுப் பலகை போடச் சொன்னார். ஆசாரி அரை நாளில் முடித்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அம்மா தாமாகவே கூடத்திலிருந்து திண்ணைக்கு வந்து, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். அவர் வீடு திரும்பிய நாள் என்று நான் கருதுவது அதைத்தான்.

ஆகவே, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் வீட்டில் எதை மாற்ற வேண்டும், யாரிடம் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஓர் இயன்முறை மருத்துவரைக் கொண்டு எளிய தமிழில் எழுதி வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.