ஜூன் 19 அன்று வாயனசாலைக்கு வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் இருக்கிற வாயனசாலையை, அதாவது ஊர் நூலகத்தை, நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே போனவர்கள் குறைவு. "அது மலையாளத்துக்காரங்களுக்குத்தானே சார்" என்று போன வருடம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த வாயனசாலைகளை ஊர் ஊராகத் தொடங்கியது சர்க்கார் இல்லை, ஊர்க்காரர்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர் பி. என். பணிக்கர். குட்டநாட்டில் நீலம்பேரூர்க்காரர், என்னைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் ஆட்களைக் கூட்டி திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, உண்டாக்கினார். அப்புறம் கிராமம் கிராமமாகப் போய், படிக்கத் தெரியாதவர்களிடமும் படிப்பைப் பற்றிப் பேசினார். "வாசித்து வளருக, சிந்தித்து விவேகம் பெறுக" என்பதுதான் அவர் சொல்லிக்கொண்டே போனது. அந்தச் சங்கம் ஆயிரக்கணக்கான நூலகங்களாக வளர்ந்தது. எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. 1989இல் நூலகச் சட்டம் வந்த பிறகு, லைப்ரரி கவுன்சில் அந்தப் பொறுப்பை ஏற்றது.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். 1945இல் நம் பீருமேடும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், செங்கோட்டையும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 அன்று அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நாம் கேரளத்தில் இருந்துவிட்டோம். ஆகவே அந்தச் சங்கம் பிறந்தபோது தமிழ் பேசுகிற நம் தாத்தா பாட்டிகளும் அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள்தான். யாரும் நமக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை, இடம் ஏற்கெனவே நம்முடையது.

என் அம்மாவும் கொளுந்து பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னை வாயனசாலைக்குக் கூட்டிப்போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் படித்ததை வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் நான் இந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டேன்.

இன்று அங்கே தமிழுக்கு ஓர் அலமாரிதான் இருக்கிறது, அதுவும் நிறையவில்லை. வாயனசாலையை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிற கமிட்டி. நாம் உறுப்பினர் ஆனால் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து, "தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள்" என்று கேட்கலாம், கமிட்டியிலும் நிற்கலாம். வெளியே நின்றால் அந்த அலமாரி அப்படியேதான் இருக்கும்.

ஜூன் 19 பணிக்கர் மறைந்த நாள், கேரளத்தில் அதுதான் வாசிப்பு தினம். அன்று பள்ளி முடிந்ததும் பிள்ளைகளை வாயனசாலைக்கு நடத்திக் கூட்டிப்போய், அங்கே குழந்தைகளுக்காக உள்ள பாலவேதியில் சேர்க்கிறோம். வேலை முடிந்து கூடை இறக்கியதும் நேராக அங்கேயே வந்துவிடுங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறோம். பெரியவர்களுக்கான விண்ணப்பமும் வைத்திருப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்