கை கழுவும் நேரத்தில் ஆறு மூச்சு

தர்மபுரி

அன்புள்ள சாந்திக்கு,

உன் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்தது. உனக்கு இரண்டு கிலோ புளியைக் கொட்டை நீக்கி வைத்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆகி என்னடி செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகளுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், போகிறேன். முதல் வகுப்புக்கு வந்த இருபது பேரும் நைட் டூட்டி முடித்து நேராக வந்தவர்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றேன். ஐந்து நிமிஷத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண்ணின் கை மடியில் விரிந்து கிடந்தது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பெட் நம்பர்கள்: 4, 9, 11. எழுப்ப மனசு வரவில்லை. லைட்டை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எழுந்ததும் அவள்தான் சொன்னாள்: "மேடம், வார்டுல பேஷண்ட், வீட்டுல குழந்தை. கண்ணை மூடி உட்கார எனக்கு எங்க நேரம்?" இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கை கழுவுவது ஞாபகம் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு! விடுகிற மூச்சு நீளமாக இருக்கும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, படபடப்பு அடங்குகிறது. எந்த பேஷண்ட்டையும் காக்க வைக்க வேண்டியதில்லை. கேஸ்ஷீட் எழுதும்போது ஷூவுக்குள் கால்விரல்களை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தவும் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

ஆனால் சாந்தி, மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். வேலையில் இப்படி எரிந்து ஓய்ந்துபோவதை 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நாள்பட நீடிப்பதால் வருவது என்றது. அப்படியானால் சரிசெய்ய வேண்டியது நர்ஸை மட்டுமா? இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், நடுராத்திரியில் ஆள் மாற்றி ஆள் இருபது நிமிஷம் காலை நீட்டி உட்கார ஒரு இடம் கேட்டேன். ஸ்டோர் ரூமைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். என் வகுப்பைவிட அந்த நாற்காலிகள்தான் அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

லேபர் வார்டில் ஒரு தாய் போய்விட்டால் அடுத்த ஐந்தாவது நிமிஷம் பக்கத்து பெட்டுக்கு ஊசி போட வேண்டும். நாமும் அப்படித்தானே இருந்தோம், அழக்கூட நேரம் இல்லாமல்! இப்போது அந்த மாதிரி நாளில் அடுத்த ஷிப்டுக்கு ஹேண்ட்ஓவர் முடிந்ததும் கொஞ்ச நேரம் சேர்ந்து நிற்கிறார்கள். பேச நினைப்பவர் பேசலாம். யாரையும் நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தக் கூடாது, அதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். மனசு தாங்காத அளவுக்குப் போனால் கூப்பிட, 2022-ல் தொடங்கிய அரசு மனநல உதவி லைன் டெலி மானஸின் நம்பர் 14416-ஐப் பெரிதாக எழுதி டூட்டி ரூம் பீரோவில் ஒட்டியிருக்கிறேன். ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு இல்லை.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு, நினைத்த நேரத்தில் குழாயடி ஏது? நாலு அடி நடக்கும்வரை மூச்சை இழுத்து, ஆறு அடிக்கு விட்டால் சரிவருமா? மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீயே ஒரு நாள் அவர்களோடு நடந்து பார்த்து எழுது. வரும் மாதம் அவர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள்.

உன்,
வசந்தா